கதவைத் திறந்தவர் யார்?

வானொலிப் பெட்டி நம் இல்லங்களுக்குள் நுழைந்த காலத்தில், அஃது ஊருலகச் செய்திகளை உள்ளே கொண்டுவந்ததே அன்றி, வீட்டுச் செய்தி எதனையும் வெளியே கொண்டுபோனதில்லை. பின்னர் வந்த தொலைக்காட்சியும் அத்தகையதே. அவையிரண்டும் சாளரங்கள். இணையத்தோடு இணைக்கப்பட்ட கணிப்பொறியோ வாயில். அதன் வழியே நாம் உலகுக்குள் செல்கிறோம். உலகமும் நம் நடுவீட்டுக்குள் வருகிறது. வருவோர் எல்லாம் நல்லோர் என்று எவரும் உறுதி கூற இயலாது.

வாயிலுக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. வெளியே நிற்பவர் ஸலாம் உரைத்து அனுமதி கேட்க வேண்டும். மும்முறை கேட்டும் மறுமொழி இல்லையெனில் மனவருத்தமின்றித் திரும்பிவிட வேண்டும் என்பது சிறுவயதிலேயே மதரஸாவில் நமக்குக் கற்பிக்கப்பட்டது. உள்ளிருப்போர்க்கும் ஒழுக்கம் உண்டு. 'யாரது?' என்று கேளாமல் தாழ் நீக்கும் பழக்கம் எந்தத் தெருவிலும் இல்லை. வந்தவர் பெயரைச் சொன்ன பிறகும், குரலை அடையாளம் கண்டபின்னரே நம் வீட்டுப் பெண்கள் தாழ்ப்பாளில் கை வைப்பர். இத்துணை விழிப்புடைய நாம் கணிப்பொறியின் முன் அமர்ந்தவுடன், கேள்வி கேட்கும் வழக்கத்தைச் செருப்போடு சேர்த்து வெளியிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம். நச்சுநிரல்கள் நம் வீட்டுக் கணிப்பொறிகளுக்குள் பெரும்பாலும் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாமே திறந்து விடுகிறோம் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது. அதனைப் பிறரைச் சுட்டிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என்னைச் சுட்டிக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழாசிரியன் ஆதலின் சொல்லிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்தருள்க. 'வைரஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். நோய் உண்டாக்கும் நுண்பொருளைக் குறிக்க மருத்துவர் அதனை எடுத்துக்கொண்டனர்; மருத்துவரிடமிருந்து கணிப்பொறியாளர் கடன் வாங்கினர். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோயென் என்னும் ஆய்வு மாணவர், பிற நிரல்களுக்குள் தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்றைச் செய்து காட்டினார். அவருடைய ஆசிரியர் லியனார்டு ஏடில்மன் அதற்கு இப்பெயரைச் சூட்டினார் என்பர். தமிழில் சிலர் இதனைக் 'கணினிக் கிருமி' என்றனர். சிலர் 'நச்சுநிரல்' என்றனர். நான் பின்னவர் கட்சி. கிருமி என்றவுடன் காற்றில் வந்தது, தண்ணீரில் வந்தது, யார்மேலும் குற்றமில்லை என்ற எண்ணம் தோன்றிவிடுகிறது. 'என் கணிப்பொறிக்கு வைரஸ் வந்துவிட்டது' என்று சளி பிடித்ததைப்போலச் சொல்லிக்கொள்கிறோம். நிரல் என்றாலோ, அதனை எழுதிய ஒருவன் எங்கோ இருக்கிறான் என்பது உடனே புலப்படும். எழுதப்பட்டது எதுவாயினும் ஒருவர் அதனை எடுத்துப் படித்தாலொழிய உயிர் பெறாது. வட்டில் கிடக்கும்வரை நச்சுநிரலும் வெறும் எழுத்தே. யாரேனும் அதனை இயக்க வேண்டும். அந்த 'யாரேனும்' பெரும்பாலும் நாமாகவே இருக்கிறோம்.

2000-ஆம் ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்சிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல் இதற்குத் தக்க சான்று. நன்கு அறிமுகமானவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதனோடு 'உனக்கு ஒரு காதல் கடிதம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு கோப்பு. பெயரின் இறுதியில் இரண்டு வால்கள். முதல் வால், வெறும் எழுத்துக் கோப்பு எனக் காட்டும் 'டி.எக்ஸ்.டி.'. இரண்டாம் வால், இயங்கும் நிரல் என்பதற்கு அடையாளமான 'வி.பி.எஸ்.'. விண்டோஸ் தன் இயல்பான அமைப்பில் கடைசி வாலை மறைத்துவிடும் ஆதலின், திறந்தவர் கண்டது கடிதம்; இயக்கியது நிரல். அது படக் கோப்புகளைப் பாழாக்கியது. முகவரிப் பட்டியலில் இருந்தோர் அனைவர்க்கும், திறந்தவர் பெயராலேயே அதே கடிதத்தை அனுப்பியது. எழுதியவரை அடையாளம் கண்டும் தண்டிப்பதற்கு அந்நாட்டில் அன்று சட்டம் இல்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அவ்வாண்டு அக்டோபர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

கால் நூற்றாண்டு கடந்தும் விண்டோஸ் அந்த வாலை மறைத்தே வைத்திருக்கிறது என்பது வியப்பிற்குரியது. கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் 'வியூ' என்னும் பட்டியலுக்குள் சென்று, கோப்புப் பெயரின் ஈற்றைக் காட்டுமாறு ஒருமுறை குறித்துவிட்டால் போதும். வினைமுற்றின் ஈற்றைக் கண்டு திணையும் பாலும் அறியப் பழகிய நம் மாணவர்க்கு, கோப்பின் ஈற்றைக் கண்டு அதன் குலம் அறிவது பெரிய கலையா என்ன? 'டாக்', 'பி.டி.எஃப்.', 'ஜேபெக்' என முடிவன ஒரு சாதி, 'இ.எக்ஸ்.இ.', 'வி.பி.எஸ்.', 'பேட்' என முடிவன வேறு சாதி. பின்னவை உள்ளே வந்து வேலை செய்பவை. திருமண அழைப்பிதழ் என்று பெயரிட்டுக் கைப்பேசிக்கு 'ஏ.பி.கே.' என முடியும் கோப்பை அனுப்பி வங்கிப் பணத்தைக் கவரும் மோசடி 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பரவியதே, அதுவும் இந்தப் பழைய காதல் கடிதத்தின் பேரப்பிள்ளைதான்.

இனி என் கதை. எங்கள் ஊரில் தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். தாலாட்டு, மணவாழ்த்து, முனாஜாத்து என அவர் நெஞ்சில் இருந்த பாடல்கள் பலவற்றை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. அரபுத்தமிழில் எழுதப்பட்ட பழைய நோட்டு ஒன்றும் அவரிடம் இருந்தது. 2016 முதல் மூன்றாண்டுகள் விடுமுறைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் பாடப் பாடக் கைப்பேசியில் பதிந்தேன். 41 பதிவுகள். நோட்டில் இருந்தவற்றைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதினேன். எழுத்து மயங்கிய இடங்களில் அவர் பாடிக் காட்டித் திருத்துவார், எனக்கு எம்.ஃபில். பட்டம் தந்த ஆய்வைவிட இந்தத் திண்ணை ஆய்வு கடினமாக இருந்தது. கைப்பேசியில் இடம் போதாமையால் பதிவுகளை வீட்டுக் கணிப்பொறிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து நீக்கினேன். 2019 இறுதியில் அம்மூதாட்டி வஃபாத்தானார்.

2020 ஆகஸ்டு. ஊரடங்குக் காலம், வகுப்புகளெல்லாம் இணையத்தில். கிடைத்த ஓய்வில் அப்பாடல்களை நூலாக்கலாம் என்று எண்ணிப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றைத் தேடினேன். விலையைக் கண்டு மலைத்தேன். பொறியியல் பயிலும் என் சகோதரியின் மகன், "இதுக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களா மாமு?" என்று சிரித்துவிட்டு, இணையத்திலிருந்து பூட்டுடைத்த படி ஒன்றை இறக்கித் தந்தான். அதனோடு ஒரு குறிப்பும் இருந்தது. நிறுவுவதற்கு முன் ஆண்டி வைரஸை நிறுத்திவிட வேண்டுமாம். இல்லையேல் அது தவறாக எச்சரிக்குமாம். "அஞ்சே நிமிஷம் மாமு, அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுக்கலாம்" என்றான். சரி என்றேன். அவன் பிள்ளை, சரி என்றவன் நான். திருடன் வாசலில் நின்றுகொண்டு, 'உங்கள் காவலாளிக்கும் எனக்கும் ஆகாது, அவனைச் சற்று வெளியே அனுப்பிவையுங்கள்' என்று கேட்க, வீட்டுக்காரன் அவ்வாறே அனுப்பிவைத்த கதையை வேறெங்கும் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கணிப்பொறி அப்போதும் தன் கடமையைச் செய்தது. 'இந்நிரல் மாற்றங்கள் செய்வதை அனுமதிக்கிறீர்களா?' என்று ஒரு கட்டம் தோன்றிற்று. வாசலில் நின்று கேட்கும் அனுமதி போன்றதுதான் அதுவும். படித்துப் பார்க்கவில்லை. 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

சற்று நேரத்தில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்றொரு அறிவிப்பு திரையில் எழுந்தது. அது பொய்த் திரை. அதன் பின்னால் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. மஃரிபு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூதாட்டியின் குரல், பெயர்த்தெழுதிய பாடல்கள், என்னை நம்பி மாணவர் இருவர் திருத்தத் தந்திருந்த ஆய்வேட்டு இயல்கள், மகளின் குழந்தைப் பருவப் படங்கள், எதுவும் திறக்கவில்லை. நான் முற்றிலும் அசட்டையாக இருந்தவன் அல்லன். தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படி எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அந்த வட்டு அப்போது கணிப்பொறியில் செருகியபடியே இருந்தது. அதுவும் பூட்டப்பட்டது.

'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியூ' என்றும் வழங்கும் பிணைப்பண நச்சுநிரல் குடும்பத்தைச் சேர்ந்தது அது எனப் பின்னர் அறிந்தேன். ஆளைக் கடத்திப் பணம் கேட்பதுபோலக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது இவ்வகை நிரல்களின் தொழில். பெருநிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக் கணிப்பொறிகளையே இக்குடும்பம் நாடியது; அது பரவிய தலையாய வழி பூட்டுடைத்த மென்பொருள். விட்டுச்சென்ற கடிதத்தில் கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர். ஆடித் தள்ளுபடி போலும்! அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 36,000 ரூபாய். உதவி தேடிப் போகாதவாறு, பாதுகாப்பு நிறுவனங்களின் இணையதளங்கள் திறக்காமல் தடுக்கும் வேலையையும் அது செய்திருந்தது.

நியூசிலாந்தைச் சேர்ந்த எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இக்குடும்பத்தின் 160 வகைகளுள் 148-க்கு இலவசத் திறவுகோல் வெளியிட்டிருந்தது. என்னைத் தாக்கியதோ அதற்குப் பிற்பட்ட வகை. அவ்வகையிலும், நிரல் தன் தலைமைக் கணிப்பொறியோடு தொடர்புகொள்ள இயலாதபோது எல்லோர்க்கும் பொதுவான பூட்டைப் போட்டுவிடும். அப்பூட்டின் சாவி யாரிடமேனும் கிடைத்தால் அனைவர்க்கும் விடுதலை உண்டு. தொடர்பு கிடைத்துவிட்டாலோ வீட்டுக்கொரு தனிப்பூட்டு. எங்கள் தெருவில் மாதத்தில் பாதி நாள் இணையம் வராது. அன்று பார்த்து ஒழுங்காக வந்தது.

பணம் கொடுக்கலாமா என்று வீட்டில் இரவு முழுவதும் பேசினோம். கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு யார் பிணை? வந்தாலும், அப்பணம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவே செலவாகும். கொடுக்கவில்லை. அத்தொகை அப்போது என் கையில் இல்லை என்பதும் உண்மை. எல்லாம் கொள்கைப் பிடிப்பே என்று பெருமை பேச மாட்டேன்.

நச்சுநிரல் வரலாற்றைப் பின்னர்ப் புரட்டியபோது ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. தனியாள் கணிப்பொறிகளில் பரவிய முதல் நச்சுநிரல் எனக் கருதப்படும் 'பிரெய்ன்' 1986-இல் லாகூர் நகரில் பிறந்தது. பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்னும் சகோதரர் இருவர் அங்கே கணிப்பொறிக் கடை நடத்தினர். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் காசு கொடாமல் படியெடுப்பதைக் கண்டறியவே அந்நிரலை எழுதியதாக அவர்கள் கூறினர். தம் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் அதனுள் எழுதியும் வைத்தனர். ஃபிளாப்பி வட்டுகளில் ஏறி அது கடல் கடந்தது. அமெரிக்காவிலிருந்தெல்லாம் அவர்கள் கடைக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அவர்கள் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. திருடனைப் பிடிக்கத் தெருவெல்லாம் முள் பரப்பிய செயல் அது. ஆயினும் மென்பொருள் திருட்டும் நச்சுநிரலும் தொட்டிலிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை என்பது இதனால் விளங்கும். என் வீட்டிற்கு அவை இணைந்தே வந்ததில் வியப்பில்லை.

இவ்விடத்தில் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. பிறர் தோட்டத்து மாங்காயைப் பறிக்கத் தயங்கும் நல்லோரும் பூட்டுடைத்த மென்பொருளைப் பயன்படுத்தத் தயங்குவதில்லை. பன்னாட்டு நிறுவனம் இதனால் ஏழையாகிவிடாது என்கிறோம். விலையைக் குறைத்தால் வாங்க மாட்டோமா என்கிறோம். விலை நம் வருவாய்க்கு மிகை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பொருளின் விலை மிகுதி அதனை எடுத்துக்கொள்ள உரிமை தருவதில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின்மீது உரியோர்க்குள்ள உரிமை ஷரீஅத்தால் காக்கப்படுவது, அதனை மீறுதல் ஆகாது எனத் தீர்மானித்தது. நம் ஜும்ஆ பயான்களில் வட்டியைப் பற்றிக் கேட்கிறோம், எடைக்கற்களைப் பற்றிக் கேட்கிறோம். இதனைப் பற்றி நான் ஒருமுறையும் கேட்டதில்லை. நாட்டின் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்னும் பிரிவு, திருட்டுப் படி என அறிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிக நோக்கம் இல்லையெனில் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். விற்றவனுக்கு மட்டுமே தண்டனை என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

தமிழ்த்துறையினர்க்கு இதில் தனிப்பட்டதொரு சிக்கலும் உண்டு. நம் அச்சுலகில் பேஜ்மேக்கர் வேரூன்றிய மென்பொருள். அதன் ஏழாம் பதிப்பு 2001-இல் வந்தது. அதன்பின் புதுப்பதிப்பு இல்லை. யூனிகோடு தமிழ் அதில் ஓடாது. ஆகவே அதற்கென்றே பழைய எழுத்துருக்கள், அவ்வெழுத்துருக்களுக்கென்றே விசைப்பலகை நிரல்கள், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் மாற்றிகள் என ஒரு சங்கிலி நீண்டது. மலர் தயாரிக்கும் பருவத்தில் இவற்றை எவனிடமிருந்து, எங்கிருந்து பெறுகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. பென் டிரைவ் ஒன்று அச்சகத்திற்கும் துறைக்கும் வீட்டிற்குமாக அலையும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. காசு கேட்காத, பூட்டும் இல்லாத லிப்ரெஆஃபிஸ், ஸ்கிரைபஸ் முதலிய மென்பொருள்கள் யூனிகோடு தமிழை ஏற்கின்றன. பழகச் சற்று இடர்ப்பாடு உண்டு. முதல் மாதம் எனக்கும் எரிச்சலாகவே இருந்தது. ஆயினும் நம் துறையின் மலர்கள் முழுவதும் இவ்வழியே தயாராக வேண்டும் என்பது என் வேண்டுகோள். துறையில் ஒழிந்தால் மாணவர் வீடுகளில் ஒழியும்.

'கை வைக்காமலேயே நுழையும் நிரல்கள் இல்லையா?' என்று கணிப்பொறித்துறை நண்பர் கேட்கலாம். உண்டு. 2017 மே 12 அன்று தொடங்கிய 'வானாக்ரை' யாரும் எதனையும் திறக்காமலே கணிப்பொறிவிட்டுக் கணிப்பொறி தாவியது; 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அகப்பட்டன; பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம்! 2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' கதையும் அதுவே. திருத்தம் ஜூலையிலேயே வந்துவிட்டது. வகுப்பு நடுவில் கணிப்பொறி புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கினால் எரிச்சல் வருவது இயல்பு. அதற்காக அதனை நிறுத்தி வைப்பது, தச்சர் சன்னலைச் சரிசெய்ய வந்தால் தூக்கம் கெடுகிறதென்று விரட்டுவதாகும். திருட்டு விண்டோஸ் வைத்திருப்போர், திருட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சியே புதுப்பித்தலை நிறுத்துகின்றனர். ஒரு திருட்டு எத்தனை கதவுகளைத் திறக்கிறது, பாருங்கள்!

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. பின்னதற்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்க்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்புத் தரப்பட்டது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தால் முதன்முதலாகக் கணிப்பொறியைக் கண்ட வீடுகள் நம் மாணவரிடையே ஏராளம். அக்காலத்துக் கணிப்பொறி இன்னும் வீட்டில் உழைத்துக்கொண்டிருந்தால், அதனைக் குப்பையில் எறிய வேண்டுவதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயக்கமுறைமை ஒன்றை நிறுவினால் எழுதவும் படிக்கவும் அது போதும்.

ஆண்டி வைரஸ் எது வாங்கலாம் என்பதே என்னிடம் மாணவர் கேட்கும் முதற்கேள்வி. என் கருத்தில் அது கடைசிக் கேள்வி. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு 'டிஃபெண்டர்' என்னும் காவல் நிரல் கணிப்பொறியோடு உடன்பிறந்தே வருகிறது; அதனை அணைக்காமல் இருந்தால் வீட்டிற்கு அதுவே போதும். 'உங்கள் கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள்! உடனே அழுத்துக!' என்று இணையப் பக்கங்களில் குதிக்கும் எச்சரிக்கைகளே பல நேரங்களில் நஞ்சு. அவற்றை மூடிவிட்டு எழுந்து போய்த் தேநீர் அருந்துவது உத்தமம். கணிப்பொறியில் ஆளுநர் கணக்கு ஒன்றும், அன்றாடப் பயன்பாட்டுக்கு அதிகாரம் குறைந்த கணக்கு ஒன்றுமாகப் பிரித்துக்கொண்டால், பிள்ளைகள் விளையாட்டு நிரலை நிறுவ முயலும்போது கடவுச்சொல் கேட்கும். அந்தக் கணத்தில் 'யாரது?' என்ற கேள்வி எழும். மின்னஞ்சலில் வரும் வேர்டு, எக்ஸெல் கோப்புகளில் ஒளிந்திருக்கும் மேக்ரோ நிரல்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. தடையை நீக்குமாறு கோப்பிலேயே கெஞ்சி எழுதியிருந்தால், அக்கெஞ்சலே சான்று.

எல்லாக் காவலையும் மீறி ஒருநாள் நுழைந்துவிட்டால்? அதற்கு விடை கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே தமிழ் ஏட்டுலகம் அறிந்தது. கறையான் உண்ணும் என்று தெரிந்தே ஓலையில் எழுதினர். ஆகவே தலைமுறைக்கொரு முறை பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதப்படாதவை அழிந்தன. இசுலாமியத் தமிழிலக்கியத்தின் முதல் நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலையின் ஏடு எங்கும் கிடைக்கவில்லை. களவியற் காரிகையின் உரையாசிரியர் தம் உரையில் எடுத்துக்காட்டாக ஆண்டதனால் அதன் எட்டுப் பாடல்கள் மட்டும் நமக்கு எஞ்சின. வேறொருவர் வீட்டில், வேறொரு நூலுக்குள், வேறொரு நோக்கத்திற்காகக் கிடந்த படிதான் காப்பாற்றியது. இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் நடத்திவந்த நான், என் படியை மூலத்தோடு ஒரே கம்பியில் கட்டி வைத்திருந்தேன்! படி எடுத்த வட்டைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும்; இன்னொரு படி வேறு வீட்டில் இருக்க வேண்டும். இணையச் சேமிப்பிடத்தில் வைப்பதும் நன்றே. ஆனால் வீட்டுக் கணிப்பொறியில் பூட்டப்பட்ட கோப்பு அங்கும் போய்ப் பழையதன் இடத்தில் அமரக்கூடும் ஆதலின், முந்தைய வடிவங்களை மீட்டுத்தரும் வசதி அதற்கு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் 41 பதிவுகளில் எஞ்சியவை மூன்று. தாலாட்டு ஒன்றும் முனாஜாத்து இரண்டும். வேறொரு கல்லூரியில் பணியாற்றும் நண்பர், தம் ஆய்வுக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்று கேட்டதால் 2018-இல் மின்னஞ்சலில் அனுப்பியவை. பல்சந்தமாலையின் கதை என் வீட்டிலேயே நடந்தது. நோட்டு அம்மூதாட்டியின் பேரர்களிடம் இருக்கிறது. எழுத்தை மறுபடியும் பெயர்க்கலாம், பெயர்த்துக்கொண்டும் இருக்கிறேன். மயங்கிய இடங்களில் பாடித் திருத்தத்தான் ஆளில்லை.

ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். வீட்டுக் கணிப்பொறி என் சொந்தப் பொருள், அது கெட்டால் எனக்கு மட்டுமே நட்டம் என்று எண்ணியிருந்தேன். கெட்டபின் எண்ணிப் பார்த்தால், அதில் எனக்கே உரியவை என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. மூதாட்டியின் குரல் அவர் குடும்பத்தினுடையது. ஆய்வேட்டு இயல்கள் மாணவருடையவை. அவருள் ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்து மறுபடியும் எழுதினார், ஒரு சொல்லும் என்னைக் கடிந்துரைக்கவில்லை. மதிப்பெண் பட்டியல்கள் கல்லூரியுடையவை. எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான் என்று தவக்குல் பேசுவோர், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவந்த கிராமவாசிக்கு நபிகள் நாயகம் (ஸல்) கூறிய அறிவுரையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அம்மூதாட்டியின் பேத்தியிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு ஓராண்டு பிடித்தது. நன்னியின் குரலைத் தன் பிள்ளைக்குக் கேட்பிக்க வேண்டும் என்று அவர் கேட்டு வந்தபோதுதான் சொன்னேன். மூன்று பாடல்களையும் பென் டிரைவில் இட்டுக் கொடுத்தேன். ஒரு படி என்னிடம், ஒன்று அவரிடம், ஒன்று அந்த நண்பரிடம், ஒன்று இக்கல்லூரி நூலகத்தில்.

பூட்டுண்ட 38 கோப்புகளை நான் அழிக்கவில்லை. நச்சுநிரல் எழுதியோர் பிடிபடும்போதும் அவர்களுடைய கணிப்பொறிகள் கைப்பற்றப்படும்போதும் சாவிகள் வெளிவருவதுண்டு. அவற்றைத் திரட்டி இலவசமாக வழங்க நெதர்லாந்து காவல்துறையும் யூரோப்போலும் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 2016-இல் 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளத்தைத் தொடங்கின. கோப்புகள் இருக்கும் வட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ரமலான் விடுமுறையில், அதனை எடுத்துத் தூசு தட்டி அத்தளத்தில் போட்டுப் பார்க்கிறேன். சென்ற முறையும் திறக்கவில்லை.